ரோட்டோர அறை

வீட்டுக்குத் தொண்ணூற்று நான்கு மதிப்பெண் கிடைத்திருந்தது. இன்னும் ஒரு செங்கல்கூட வைக்காத வீடு அது.

வத்தலக்குண்டில் வீடு வரைந்து கொடுக்கும் ஹபீபாவின் அலுவலகச் சுவரில் அந்த எண் ஆள் உயரத்துக்குப் பச்சையாக ஒளிர்ந்தது. பிரிட்டோ சந்தோஷம் தாங்காமல் எழுந்தே விட்டான். அவன் மனைவி அமலி சட்டை நுனியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அம்மா ஆரோக்கியம் சிலுவை போட்டுக்கொண்டாள். சக்கர நாற்காலியில் இருந்த அக்கா ஜெசிந்தா மட்டும் எண்ணைப் பார்க்காமல் அதன் கீழே விரிந்திருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொண்ணூறைத் தாண்டுறதே பெரிய விஷயம்" என்றாள் ஹபீபா. "அதுவும் இப்படிச் சரிவு நிலத்துல. நான் பிளான் போட்ட வீட்டுலயே இதுக்குத்தான் அதிகம் விழுந்திருக்கு."

"எனக்கு இன்னும் விளங்கலம்மா" என்றாள் ஆரோக்கியம். "கட்டாத வீட்டுக்கு யாரு மார்க்கு போட்டா?"

ஹபீபா சலிக்காமல் இன்னொரு முறை சொன்னாள். "நீங்க நாலு பேரும் ரெண்டு மாசம் கையில பட்டை கட்டியிருந்தீங்கல்லம்மா? எப்ப எந்திரிக்கிறீங்க, எதுக்குக் கோபம் வருது, யார் கூப்பிட்டா யார் திரும்பிப் பாக்குறீங்க, எல்லாத்தையும் அது படிச்சிருச்சு. படிச்சு உங்க ஒவ்வொருத்தருக்கும் நிழல் மாதிரி ஒண்ணு செஞ்சிருக்கு. அந்த நாலு நிழலையும் இந்த பிளானுக்குள்ள விட்டுருவோம். அதுக உள்ள பதினஞ்சு வருஷம் வாழும். நமக்கு இங்கிட்டு மதியச் சாப்பாடு முடியுறதுக்குள்ள அது முடிஞ்சிரும்."

"சாப்புடுமா அதுக?"

"சாப்பிடும். சண்டையும் போடும். சண்டை எவ்வளவு கொறையுதோ அவ்வளவுக்கு மார்க்கு."

இதற்குப் பெயர் ஒத்திகை. சமவெளியில் இப்போதெல்லாம் ஒத்திகை பார்க்காமல் யாரும் அஸ்திவாரம் தோண்டுவதில்லை. ஒரு காலத்தில் ஈசானிய மூலை, குபேர மூலை என்று பார்த்த அதே பயபக்தியோடு இன்று மதிப்பெண்ணைப் பார்த்தார்கள். பெண் கேட்டு வருகிறவர்கள் "வீடு எவ்வளவு எடுத்திருக்கு?" என்று விசாரித்தார்கள். நிழல்கள் சண்டை போட்டதைப் பார்த்துவிட்டுக் கட்டுவதற்கு முன்பே பிரிந்துபோன அண்ணன் தம்பிகள்கூட உண்டு.

பிரிட்டோ மதிப்பெண்ணுக்காக அலைந்தவன் இல்லை. அவனுடைய அக்காவுக்காகத்தான் இந்த வீடே.

பெருமாள்மலைக்குக் கீழே ஆனைக்கல் மேட்டில் அவர்களுடைய அப்பா விட்டுப்போன நிலம் இருந்தது. மேலே தார்ரோடு. கீழே ஓடை. நடுவில் காப்பிச் செடிகளும் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களும். ரோட்டில் கைதவறி விட்ட ஆரஞ்சுப்பழம் ஓடையில் போய்த்தான் நிற்கும், அப்படி ஒரு சரிவு. அப்பா இருந்தவரை அங்கே வீடு கட்டுவதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. வாடகை வீட்டிலேயே காலம் போயிற்று.

ஜெசிந்தா அப்போது பிக்கப் ஓட்டிக்கொண்டிருந்தாள். மலைத் தோட்டங்களிலிருந்து கேரட், பூண்டு, பட்டர் ஃப்ரூட் எல்லாம் ஏற்றிக்கொண்டு கீழே சந்தைக்குப் போவாள். அந்த மலைப்பாதையில் லோடு ஓட்டிய ஒரே பெண் அவள். மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு மழைநாளில் கொண்டை ஊசி வளைவில் பாறை சரிந்து வண்டி உருண்டது. உயிர் பிழைத்தாள். இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை.

வாடகை வீட்டுக்குப் படியேறித்தான் போக வேண்டும். ஆஸ்பத்திரிக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் பிரிட்டோதான் அவளை முதுகில் சுமந்து இறக்குவான், ஏற்றுவான். ஒரு நாளும் அவன் முகம் சுளித்ததில்லை. ஆனால் முதுகில் இருந்தவளுக்கு அவனுடைய மூச்சிரைப்பு கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாக அவள் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டாள்.

அதனால் பிரிட்டோ ஹபீபாவிடம் பிளான் கேட்டபோது முதலில் சொன்னது அக்காவின் அறையைத்தான். சரிவோடு மூன்று தட்டாக இறங்கும் வீடு. ரோட்டு மட்டத்தில் வண்டி நிறுத்துமிடம். அதற்குக் கீழே ஹால், சமையலறை, மற்ற படுக்கையறைகள். கடைசித் தட்டில் ஜெசிந்தாவுக்கு வீட்டிலேயே பெரிய அறை. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். மேகம் விலகினால் சமவெளி வரைக்கும் தெரியும். சத்தம் இல்லை, தூசி இல்லை. மேலே வந்து போக லிஃப்ட்.

"இனிமே உன்னை யாரும் சுமக்க வேண்டாம்க்கா" என்று சொல்லியிருந்தான். அவளும் சரி என்றிருந்தாள்.

"மேடம், உள்ள போய்ப் பாக்க முடியுமா?" என்று இப்போது கேட்டாள் ஜெசிந்தா.

"தாராளமா. கிறிஸ்மஸ் பாக்குறீங்களா? எல்லாரும் விசேஷ நாளைத்தான் கேப்பாங்க."

"வேண்டாம். நாலாவது வருஷத்துல ஒரு செவ்வாக்கெழமை காட்டுங்க."

ஹபீபா அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சுவரைத் தொட்டாள்.

நிழல்களுக்கு முகம் கிடையாது. சாம்பல் நிற உருவங்கள்தான். ஆனால் நடையும் கையசைவும் அப்படியே அவரவருடையது. ஆரோக்கியத்தின் நிழல் அடுப்படியில் நின்று கொண்டையை அவிழ்த்து முடிந்தது. அமலியின் நிழல் யாரிடமோ போனில் பேசிச் சிரித்தது. ஹாலின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெளிச்சத் திட்டு உருண்டு விளையாடிற்று. இனிமேல் பிறக்கப்போகும் குழந்தைக்கு இயந்திரம் அப்படித்தான் இடம் விட்டிருந்தது. அமலி அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

கீழ்த்தட்டில் ஜெசிந்தாவின் நிழல் படுத்திருந்தது. கண்ணாடிச் சுவருக்குத் திரை போட்டிருந்தது. மேலே சிரிப்புச் சத்தம் எழுந்தபோது அந்த உருவம் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தது. நாற்காலியை நோக்கிக் கை நீண்டது. பிறகு கை மெல்லப் போர்வைக்குள் திரும்பிவிட்டது. மாலையில் பிரிட்டோவின் நிழல் லிஃப்டில் இறங்கி வந்து கேட்டது: "ஏதாச்சும் வேணுமாக்கா?"

"ஒண்ணும் வேண்டாம்டா."

அவ்வளவுதான் அந்த நாள்.

ஜெசிந்தா நாற்காலியைச் சுவருக்குப் பக்கத்தில் நகர்த்தினாள். "எனக்கும் அமலிக்கும் வாரத்துக்கு ரெண்டு தடவையாச்சும் வாய்த்தகராறு வரும். அதெல்லாம் எங்க?"

ஹபீபா ஆண்டுகளைத் தள்ளிப் பார்த்தாள். முதல் வருஷம் சண்டைகள் இருந்தன. இரண்டாவது வருஷம் அங்கொன்றும் இங்கொன்றுமாக. மூன்றாவது வருஷத்திலிருந்து ஒன்றுமே இல்லை. அவளுடைய முகம் மாறிவிட்டது. "அதனாலதான் மார்க்கு ஏறியிருக்கு" என்றாள் தாழ்ந்த குரலில்.

"நான் கேக்குறத நிறுத்திட்டேன். அத அது நிம்மதின்னு எழுதிக்கிருச்சு."

"லிஃப்ட் வச்சிருக்குல்லக்கா?" என்றான் பிரிட்டோ. அவன் குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது. "ஒரு பட்டனை அழுத்தினா மேல வந்துரலாம்ல?"

"லிஃப்டைக் கூப்பிட ஒரு காரணம் வேணும்டா. என்னத்துக்குக் கூப்பிடுறோம்னு நெனப்பு வரும். சும்மா வாசப்படியைத் தாண்டுறதுக்கு யாரும் காரணம் தேடுறதில்ல." அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ தப்பா எதுவும் பண்ணல. பாசத்துல பண்ணதுதான். ஆனா அந்த ரூம் எனக்கு வேண்டாம்."

 

அடுத்த வாரம் ஹபீபா ஆனைக்கல் மேட்டுக்கே வந்தாள். ரோட்டோரத்தில் ஜெசிந்தாவின் நாற்காலியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தார்கள். கீழே சரிவில் நாலடிக்கு ஒரு முளையாக அடித்துக் கயிறு கட்டியிருந்தது. பழைய பிளானின் எல்லை அது. படிக்கட்டுபோல் இறங்கி ஓடைப் பக்கம் போயிற்று.

ஜெசிந்தா வெகுநேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மலைப்பாதையை இத்தனை வருஷம் ஓட்டியவளுக்கு ஒரு விஷயம் பழக்கம். நேராக இறங்குகிற ரோட்டில் எந்த வண்டியும் பிழைக்காது. மலையை ஒட்டிக் குறுக்கே போனால்தான் போய்ச்சேரலாம்.

"மேடம், வீட்டைச் சரிவோட எறக்காதீங்க" என்றாள். "குறுக்கால படுக்கப் போடுங்க. ரோட்டை ஒட்டி, ரோட்டு மட்டத்துலயே நீளமா. ஹால், அடுப்படி, எல்லாம் ஒரே தரையில. ரோட்டைப் பாத்த அந்த மொனையில என் ரூம். அதுக்கு ரோட்டுக்குத் தனியா ஒரு கதவு."

"ரோட்டோரமா?" பிரிட்டோ பதறினான். "லாரி ஹாரன், டீசல் நாத்தம், மண்ணு. நீ என்ன வாட்ச்மேனாக்கா?"

"போறவன் வர்றவனெல்லாம் எட்டிப் பாப்பானே ஜெசி" என்றாள் ஆரோக்கியம்.

"பாக்கட்டும்மா. மூணு வருஷமா என்னை யாருமே பாக்கல."

ஹபீபா அதற்குள் பலகையில் கோடு போட ஆரம்பித்திருந்தாள். முகத்தில் ஒரு வேகம் வந்திருந்தது. "இது நல்லாருக்கு. முன்பக்கம் பாதி வீடு மண்ணுல உக்காரும். பின்பக்கம் பாதியைத் தூண் மேல நிறுத்தலாம். பழைய பிளானுல மூணு எடத்துல மலையை வெட்டி மூணு தாங்குசுவர் எழுப்ப வேண்டியிருந்தது, இப்ப வெட்டே கிடையாது. மழைத்தண்ணி வீட்டுக்கு அடியில அது பாட்டுக்குப் போயிரும்." பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெற்கு எல்லை வரை நடந்தாள். அங்கே ஆனைக்கல் பாறை குறுக்கே நின்றது. திரும்பி வந்து உதட்டைப் பிதுக்கினாள். "நீளம் பத்தல. ஒரு படுக்கையறை வெளிய நிக்குது. அதைத் தூணுக்கு நடுவுல கீழதான் போடணும். படி வைக்கணும்."

யாரும் வாய் திறக்குமுன் அமலி சொன்னாள். "படி எறங்க முடியுறவங்க எறங்குவோம். எங்க ரூமைக் கீழ போடுங்க மேடம்."

ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள். அவளிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை.

"என்ன அண்ணி அப்பிடிப் பாக்குறீங்க? ஒண்ணும் தியாகம் பண்ணல. அந்தக் கண்ணாடிச் சுவர் எனக்கு வேணும். மொத நாளே ஆசப்பட்டேன், கேக்கத்தான் வாய் வரல."

பிரிட்டோகூடச் சிரித்துவிட்டான்.

பத்துப் பதினைந்து நாள் ஹபீபாவும் ஜெசிந்தாவும் போனில் பேசிப் பேசியே பிளானை இழைத்தார்கள். நாற்காலி முழு வட்டம் திரும்ப அடுப்படியில் இடம் வேண்டும். மேடையை இரண்டு உயரத்தில் வைக்கலாம், உட்கார்ந்து நறுக்கவும் நின்று சமைக்கவும். கதவுகள் எல்லாம் பக்கவாட்டில் நகர வேண்டும். ரோட்டுக்கும் வாசலுக்கும் இடையில் கைப்பலத்தில் ஏறக்கூடிய சரிவுப்பாதை. ஹபீபா ஒரு யோசனை சொல்வாள். ஜெசிந்தா நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்து, முட்டும் இடத்தைச் சொல்வாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சாப்பாட்டு நேரத்தை மறந்தாள்.

இரண்டாம் ஒத்திகைக்கு மறுபடி எல்லோரும் வத்தலக்குண்டு போனார்கள். சுவரில் எண் வந்தது. அறுபத்தொன்று. ஆரஞ்சு நிறத்தில்.

"அறுபத்தொண்ணா?" என்றாள் ஆரோக்கியம். "பாஸா, ஃபெயிலா?"

"சண்டை நெறைய இருக்கும்மா" என்றாள் ஹபீபா.

ஒன்றைப் போட்டுக் காட்டினாள். இரண்டாவது வருஷம், அடுப்படி. ஜெசிந்தாவின் நிழல் தாழ்ந்த மேடையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அமலியின் நிழல் கரண்டியோடு நின்று, இப்படித் தடிதடியாக நறுக்கினால் எப்போது வதங்குவது என்று கேட்டது. அப்படியானால் நீயே நறுக்கு என்றது இந்த நிழல். கரண்டி மேடையில் படாரென்று விழுந்தது. ஆரோக்கியத்தின் நிழல் ஹாலிலிருந்து இருவரையும் ஏசிற்று.

"நெசமாவே அண்ணி தடியாத்தான் நறுக்குவாங்க" என்றாள் அமலி. சொல்லிவிட்டு அடக்க முடியாமல் சிரித்தாள். ஜெசிந்தாவுக்கும் சிரிப்பு வந்தது. திரையில் இருந்த அந்தச் சாம்பல் நிறப் பெண் கோபமாக இருந்தாள், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

பிறகு ஹபீபா வருஷங்களை ஓட்டினாள். ஆறாவது வருஷத்தில் வீட்டுக்குள் மூன்று நிழல்கள்தான் இருந்தன. வெளிச்சத் திட்டு ஒன்று பெரிதாகியிருந்தது. ரோட்டோர அறை காலி.

ஆரோக்கியம் எழுந்து நின்றுவிட்டாள். "எம்மக எங்க?"

ஹபீபா அவசரமாகத் தேடினாள். "பயப்படாதீங்கம்மா. இறப்பு வந்தா அது தனியா குறிச்சுக் காட்டும். இது அது இல்ல. போயிருக்காங்க. வீட்டை விட்டு."

"எங்க போனா?"

"அதுக்குத் தெரியாது. அதுக்கு இந்த வீடு மட்டும்தான் தெரியும். வாசலுக்கு அங்கிட்டு ஒண்ணுமே கெடையாது."

ஆரோக்கியம் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிரிட்டோவின் கண்கள் சிவந்துவிட்டன. "சண்டை தாங்காம போயிட்டா. இதுக்கா நாம வீடு கட்டுறோம்? வேண்டாம் மேடம், பழைய பிளானையே எடுங்க."

"ஒரு நிமிஷம்" என்றாள் ஹபீபா. இயந்திரம் தானாகவே ஒரு திருத்தத்தை முன்வைத்திருந்தது. அவள் அதைப் படித்தாள். "வேற எதையும் மாத்த வேண்டாங்குது. ரோட்டுப் பக்கம் இருக்கிற அந்தத் தனிக் கதவை எடுத்துட்டு சன்னல் வச்சா போதுமாம். மார்க்கு எண்பத்து மூணுக்கு ஏறும். அக்காவும் பதினஞ்சு வருஷமும் வீட்லயே இருப்பாங்க."

பிரிட்டோ அக்காவின் நாற்காலிக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தான். "கதவை மட்டும் எடுத்துருவோம்க்கா. ரூம் அங்கயே இருக்கட்டும். பெரிய சன்னலா வச்சுத் தாரேன். ஹால் வழியா எப்ப வேணும்னாலும் வெளிய போயிக்க. ஒரு கதவுதானக்கா?"

மூன்று வருஷம் தன்னைச் சுமந்த முதுகு அது. அவனிடம் இல்லை என்று சொல்வதற்கு ஜெசிந்தாவுக்குப் பழக்கமே இல்லை. அவன் கேட்டது நியாயமாகவும் இருந்தது. எண்பத்து மூன்று. எல்லோரும் ஒரே வீட்டில். ஒரு கதவுதான்.

"மேடம்" என்றாள். "அவ போன நாளைக் காட்டுங்க."

ஹபீபா காட்டினாள். அதிகாலை. ரோட்டோர அறையில் ஜெசிந்தாவின் நிழல் தலை வாரிக்கொண்டது. தானே நாற்காலிக்கு மாறியது. அடுப்படிக்குப் போயிற்று. அங்கே ஆரோக்கியத்தின் நிழல் எதையோ டப்பாவில் அடைத்துப் பைக்குள் வைத்து அதன் மடியில் கொடுத்தது. இரண்டும் சற்று நேரம் பேசின. அழவில்லை. ஜெசிந்தாவின் நிழல் தன் அறைக்குத் திரும்பி, அந்தத் தனிக் கதவை ஒரு கையால் தள்ளித் திறந்து, ரோட்டுக்குப் போயிற்று. கதவுக்கு அப்பால் திரை வெறும் வெள்ளை.

"பிரிட்டோ, பாத்தியா?" என்றாள் ஜெசிந்தா. "அந்தப் புள்ள எங்க போறான்னு எனக்கும் தெரியல. ஆனா அவள யாரும் தூக்கிட்டுப் போகல. யாரையும் கூப்பிட்டு, கேட்டுப் போகல. என் காலு போனதுக்கப்புறம் நான் இப்பிடி ஒருத்திய இப்பத்தான் பாக்குறேன். அந்தக் கதவை அடச்சிட்டா அவ பொறக்கவே மாட்டா."

அடுத்துப் பேசியது ஆரோக்கியம். முந்தானையை இறக்கி, திரையில் தன் உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானே சோறு கட்டிக் குடுத்து அனுப்பியிருக்கேனே" என்றாள் மெதுவாக. "சண்டை போட்டுட்டுப் போறவளுக்கு நான் சோறு கட்டுவேனா? சந்தோஷமாத்தான் அனுப்பியிருப்பேன்." பிறகு மகனின் தோளில் கை வைத்தாள். "கதவு இருக்கட்டும்டா."

"மார்க்கும்மா?"

"மார்க்கை வச்சு நாக்க வழிக்கவா?"

அப்படியாக, அறுபத்தொன்று வாங்கிய வீட்டைக் கட்டத் தொடங்கினார்கள். அக்கம்பக்கத்தில் விஷயம் பரவிற்று. அமலியின் சித்தப்பா ஒருவர் மெனக்கெட்டு மலையேறி வந்து, தெரிந்தே இப்படி ஒரு வீட்டைக் கட்டலாமா என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார். அமலி அவருக்குக் காப்பி கொடுத்து, தன் அறை வரப்போகும் இடத்தைப் பெருமையாகக் காட்டி அனுப்பினாள்.

தூண்கள் எழும்பியபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில் மேட்டில் இரண்டு இடங்களில் மண் சரிந்து ரோட்டை மூடியது. மழை சற்றுத் தணிந்த காலையில் பிரிட்டோ குடைகூட எடுக்காமல் ஓடினான். தூண்களுக்கு இடையில் செம்மண் தண்ணீர் ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. தளம் அப்படியே நின்றது. வெட்டாத மலை தன் இடத்தை விட்டு அசையவில்லை. அவன் நனைந்தபடியே நின்று ஹபீபாவுக்குப் போன் செய்து, பேச முடியாமல், தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்கக் கொடுத்தான்.

மறு வருஷம் வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்கப் பங்குச் சாமியார் வந்தார். ரோட்டில் ஜனம் நின்றது. பழைய லோடு டிரைவர்கள் எல்லாம் வண்டிகளை ஓரங்கட்டிவிட்டு வந்திருந்தார்கள். முதலில் யார் உள்ளே போவது என்று சாமியார் கேட்டபோது எல்லோரும் ஜெசிந்தாவைப் பார்த்தார்கள். பிரிட்டோ பழக்கதோஷத்தில் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தான். பிறகு விட்டுவிட்டு, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

ஜெசிந்தா சக்கரத்தைத் தள்ளினாள். ரோட்டிலிருந்து சரிவுப்பாதையில் ஏறி, தன் கதவைத் தானே திறந்து, தன் அறையைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, அடுப்படியில் ஒரு முழு வட்டம் அடித்து, வீட்டின் மறுமுனை வரை போனாள். சக்கரம் எங்கேயும் தட்டவில்லை. கதவுச்சட்டம் எதிலும் முட்டவில்லை. திரும்பிப் பார்த்தால் அத்தனை நீளத்துக்கும் பின்னால் யாரும் இல்லை. எல்லோரும் வாசலிலேயே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வாங்க எல்லாரும், உள்ள வாங்க" என்றாள். அந்த வீட்டுக்கு முதலில் விருந்தாளிகளை அழைத்தவள் அவள்தான்.

வாழ்க்கை அதற்குப் பிறகு ரோட்டிலிருந்து உள்ளே வந்தது. போகிற வண்டிகள் அவளுடைய கதவருகே நின்றன. தண்ணீர் கேட்டார்கள், சந்தை நிலவரம் சொன்னார்கள், எந்த வளைவில் கல் விழுந்திருக்கிறது என்று கேட்டுப் போனார்கள். எந்தத் தோட்டத்துச் சரக்கை எந்த வண்டியில் ஏற்றுவது என்பதை அவள் அந்த அறையிலிருந்தே பேசி முடிக்க ஆரம்பித்தாள். தானாக ஓடும் வண்டிகளை மலைப்பாதையில் இன்னும் அனுமதித்திருக்கவில்லை. டிரைவர்களுக்குத் தட்டுப்பாடு. கையாலேயே எல்லாம் இயக்கும் பிக்கப் ஒன்று வந்ததும் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். முதல் நாள் அந்தக் கொண்டை ஊசி வளைவில் நிறுத்தி இறங்காமலேயே ஒரு ஜெபம் சொல்லிவிட்டு ஓட்டினாள். பிறகு ஒரு வண்டி மூன்றாயிற்று. அடுப்படியில் சண்டைகள் தவறாமல் நடந்தன. அமலிக்கு ஒரு பையன் பிறந்து, சண்டைக்கு நடுவே தவழ்ந்தான்.

ஆறாவது வருஷம் நெருங்கியபோது யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் சரக்கு இறங்குகிற இடத்தில் ஆள் இருந்தால்தான் தொழில் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஜெசிந்தா வத்தலக்குண்டில் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்தாள். வாசலில் படி இல்லாத வீடு. பிரிட்டோவிடம் சொன்னபோது அவன் காப்பிச் செடிகளைப் பார்த்தபடியே கேட்டான்.

"ஞாயித்துக்கெழமை வந்துருவேல்ல?"

"பூசைக்கு இங்கதான்டா வருவேன். உம் பையன் என்னை விடுவானா?"

புறப்படும் நாள் காலையில் பிக்கப் ரோட்டோரக் கதவருகே நின்றது. பிரிட்டோ அக்காவின் பெட்டிகளை ஏற்றினான். ஜெசிந்தா டிரைவர் சீட்டுக்கு மாறி உட்கார்ந்து, அம்மா சோற்றுப்பையோடு வருவாள் என்று காத்திருந்தாள். ஆரோக்கியம் வந்தாள். கையில் பை இருந்தது. மறு கையில் ஒரு டிரங்குப் பெட்டியும் இருந்தது.

"இதென்னம்மா?" என்றான் பிரிட்டோ.

"என் துணிமணி."

"எங்க போற?"

"நான் வத்தலக்குண்டுக்காரிடா. ஒங்கப்பாவக் கட்டிக்கிட்டு இந்தக் குளிருக்கு வந்து நாப்பது வருஷமாச்சு. முழங்காலு பொழுதன்னிக்கும் குத்துது. கடைவீதி வரைக்கும் நடந்து போயி, நாலு மனுசரப் பாத்து, வெயில்ல நின்னு எத்தன காலமாச்சு."

ஜெசிந்தா சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "எனக்காகத் துணைக்கு வர்றியாம்மா? வேண்டாம். நான் பாத்துக்குவேன்."

"ஒனக்கு எதுக்குத் துணை? நான் எனக்கு வர்றேன்."

இரண்டு ஒத்திகையிலும் அம்மாவின் நிழல் பதினைந்து வருஷமும் அடுப்படியிலேயே இருந்தது. அவளுடைய ஒரு செவ்வாய்க்கிழமையைக்கூட யாரும் காட்டச் சொல்லவில்லை. அம்மா என்றால் வீட்டில்தான் இருப்பாள் என்று இயந்திரமும் நினைத்தது, பிள்ளைகளும் நினைத்தார்கள். அமலிதான் முதலில் சுதாரித்துக்கொண்டாள். மகனை இடுப்பில் மாற்றிக்கொண்டு அத்தையின் பெட்டியை வாங்கி, வண்டியில் பின்னால் ஏற்றினாள். "அத்தை, வாரக் கடைசியில அண்ணியையும் கூட்டிட்டு வந்துருங்க. எனக்குச் சண்டை போட ஆள் வேணும். மறந்துராதீங்க" என்றாள். ஆரோக்கியம் பேரனின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி கிளம்பியது. வளைவுகள் ஒவ்வொன்றாக மேலே போயின. சில்வர் ஓக் மரங்கள் குறைந்து காற்றில் சூடு ஏறியது. டம்டம் பாறை தாண்டியதும் ஆரோக்கியம் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி, மடிக்காமல், சீட்டுக்குப் பின்னால் போட்டாள்.

"கொஞ்சம் வேகமாத்தான் போயேன்" என்றாள்.